வாத்தியாரின் வலது கை

குஸ்டாவ் ஹோல்ஸ்டுக்கு வலது கை சரியில்லை. சின்ன வயதிலேயே வந்த நரம்புக் கோளாறு, பியானோக் கலைஞராகும் கனவை முழுசாகத் தின்றுவிட்டது. ஆஸ்துமாவும் உண்டு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது மாமனாரா மரமா என்று தெரியாத பார்வை. இப்படிப்பட்ட உடம்போடு அவர் தேர்ந்தெடுத்த தொழில் என்ன தெரியுமா? ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதுவது. ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது வரிசை; ஒவ்வொரு வரிசையிலும் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி குட்டிக் குட்டிப் புள்ளிகள்; அத்தனையும் கையால். கையை அசைக்க முடியாதவர் வாசல் நிறையக் கம்பிக்கோலம் போடுவேன் என்று மல்லுக்கட்டிய கதை.

ஆனால் ஹோல்ஸ்டுக்கு ஜாதகம் நன்றாக இருந்தது. இதை அவரே கணித்துப் பார்த்திருப்பார். ஜோசியம் அவருடைய பொழுதுபோக்கு. 1905 முதல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் இருக்கும் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் அவர் பாட்டு வாத்தியார். அங்கே வருஷா வருஷம் புத்திசாலிப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஆண் மேதைக்கு அடுப்பு மூட்ட, பென்சில் சீவ, பிரதி எடுக்க ஒரு பெண் பட்டாளம் அமைவது சரித்திரத்தில் புதிதல்ல. ஆனால் தன் கை வலிக்கிறது என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு ஒரு குட்டி எழுத்தர் அலுவலகத்தையே நடத்தியவர் இவர்தான். வேலி லாஸ்கர், நோரா டே என்று இரண்டு ஆசிரியைகள் அதில் நிரந்தரம். மூன்றாவதாக வந்து சேர்ந்த மாணவியைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஜேன் மேரியன் ஜோசப். பிறந்தது 31 மே 1894, லண்டன் நாட்டிங் ஹில்லில், வசதியான யூதக் குடும்பத்தில். அப்பா வக்கீல். இந்த வக்கீல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் ஜேன் வாசித்தது டபுள் பாஸ். வயலின் குடும்பத்தில் வயலின் என்பது செல்லப் பேத்தி. டபுள் பாஸ் மூலையில் உட்கார்ந்து கனைக்கும் பெரியப்பா. ஆளைவிட உயரம். பஸ்ஸில் ஏற்ற முடியாது, கச்சேரியில் பெயர் வாங்க முடியாது. அது வாசிப்பது யார் காதிலும் தனியாக விழாது. நிறுத்தினால் மட்டும் மேலே இருக்கிற கட்டடம் ஆட்டம் காணும். ஒரு மனுஷியின் வாழ்க்கைக் குறிப்பைப் பதினைந்து வயதிலேயே ஒரு வாத்தியம் இவ்வளவு துல்லியமாக எழுதிக் கொடுத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஹோல்ஸ்ட் வாத்தியார் சாமானியப்பட்ட ஆள் அல்ல. பெண்கள் பள்ளிகளுக்கென்று பதிப்பகங்கள் விற்ற, சர்க்கரைப் பாகில் முக்கிய பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, பர்செல், பாக் போன்ற பழைய இசைமேதைகளைக் கொண்டுவந்து பிள்ளைகள் முன்னால் வைத்தவர். சமஸ்கிருதம் படித்தவர். ரிக்வேதத்து சூக்தங்களையும் காளிதாசனின் மேகதூதத்தையும் அகராதியோடு குஸ்தி போட்டுத் தானே ஆங்கிலமாக்கி மெட்டமைத்தார். சாவித்திரி கதையை ஆபராவாக எழுதினார். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு 1908-ல் அல்ஜீரியாவுக்குப் போய், பாலைவனத்தில் சைக்கிள் விட்டார். இப்படி ஒரு மனிதர் வகுப்புக்கு வந்தால் கெட்டிக்காரப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஆயுள் சந்தாதாரராகச் சேர்ந்துவிடுவார்கள். ஜேன் சேர்ந்தாள்.

இவள்தான் எனக்குக் கிடைத்த மாணவிகளிலேயே முதல்தரம் என்று வாத்தியார் பிற்காலத்தில் சொன்னார். மாணவிகளிலேயே. பாராட்டுக்கு வேலி போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். போகட்டும், 1920களில் வேலி இல்லாமல் பாராட்டு வாங்கிய பெண் எத்தனை பேர்?

1913-ல் ஜேன் கேம்பிரிட்ஜ் போனாள்: கர்ட்டன் கல்லூரி, பாடம் கிரேக்கமும் லத்தீனும். கர்ட்டன், பெண்களுக்கென்று கட்டிய கல்லூரி. அதனால் ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளி வைத்தார்கள். ஆண் மாணவர்கள் நடந்து வந்து தொல்லை கொடுப்பதற்குள் களைத்துவிடுவார்கள் என்று கணக்கு. பெண்கள் வகுப்புக்குப் போகலாம், பரீட்சை எழுதலாம், பாஸும் பண்ணலாம். பட்டம் மட்டும் கிடையாது. பந்தியில் உட்காரலாம், சாப்பிட்டது மாதிரி வாயையும் அசைக்கலாம், இலை மட்டும் போட மாட்டோம் என்கிற உபசாரம். 1897-ல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, ஆண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைச் செய்து நடுத்தெருவில் அந்தரத்தில் கட்டித் தொங்கவிட்டுத் தங்கள் கல்வியறிவை நிரூபித்தார்கள். 1921-ல் மறுபடியும் வாக்கெடுப்பு, மறுபடியும் தோல்வி. இந்தத் தடவை ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுபோய் நியூன்ஹாம் என்ற இன்னொரு பெண்கள் கல்லூரியின் கதவை இடித்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1948-ல். அதற்குள் ஜேன் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. ஆகவே அந்தப் பெண் படித்த கிரேக்கமும் லத்தீனும் காகிதத்தில் இல்லை, தலைக்குள் மட்டும். வாத்தியாருக்கு அது போதும். அவருக்கு வேண்டியதும் அந்தத் தலைதான்.

1914-ல் ஹோல்ஸ்ட் 'தி பிளானட்ஸ்' எழுத ஆரம்பித்தார். கிரகங்கள். நம் ஊர் ஆள் கேட்டால் முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை கிரகம் வைத்திருக்கிறார்?" ஏழு. சூரியன் இல்லை, சந்திரன் இல்லை, ராகு கேதுவைப் பற்றி அந்த மனுஷனுக்குக் கவலையே இல்லை. செவ்வாய், வெள்ளி, புதன், வியாழன், சனி என்று நமக்குத் தெரிந்த ஐந்து. கூடவே எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத யுரேனஸும் நெப்டியூனும். சமஸ்கிருதம் படித்தவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்கத் தோன்றும். அவர் ஜோசியத்தைக் கற்றது வேதத்திலிருந்து அல்ல. 1913-ல் ஸ்பெயின் பக்கம் உல்லாசப் பயணம் போனபோது கூட வந்த எழுத்தாளர் கிளிஃபோர்ட் பேக்ஸ் பற்றவைத்த நெருப்பு அது.

கை வலியின் உச்சத்தில் இருந்தது. எனவே வேலை நடந்த விதம் இது: வாத்தியார் பெரும்பாலான பகுதிகளை இரண்டு பியானோவுக்கான சுருக்கமாக எழுதுவார். ஓரத்தில் சிவப்பு மையில், இது புல்லாங்குழலுக்கு, அது வயோலாவுக்கு என்று குறிப்பு. அதைப் பெண்கள் பிரித்துப் பெரிய தாளில் முழு ஆர்கெஸ்ட்ராவாக விரித்து எழுத வேண்டும். பள்ளி நிர்வாகம் 1913-ல் அவருக்கு ஓசை புகாத தனி அறை கட்டிக் கொடுத்திருந்தது. அதற்குள் இட்லிக் கொப்பரை மாதிரி வெப்பம். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். உலகப் போர் வெளியே நடந்துகொண்டிருக்க, உள்ளே கிரகங்கள் வெந்துகொண்டிருந்தன.

ஜேனுக்கு விழுந்த கிரகம் நெப்டியூன். ஏழிலும் படுத்தல் அதிகமான கிரகம் அதுதான். மற்றவற்றுக்கெல்லாம் பியானோ சுருக்கம். இதற்கு மட்டும் ஆர்கன் சுருக்கம். தாளம் ஐந்தெழுத்துக் கண்ட நடை. மொத்தப் பகுதியும் காதோடு பேசுகிற சத்தத்திலேயே நடக்கும். கடைசியில் ஒரு பெண்கள் கோரஸ். அவர்களுக்குச் சொற்கள் கிடையாது, வெறும் ஆலாபனை. மேடையிலும் இடம் கிடையாது. பக்கத்து அறையில் நின்று பாட வேண்டும். நடுவில் இருக்கும் கதவை ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்த வேண்டும், பாட்டு எங்கே முடிந்தது, மௌனம் எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி. சொல்லும் இல்லை, முகமும் இல்லை, கடைசியில் கதவையும் மூடிவிடுவார்கள். இதை எழுதும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் பாருங்கள்.

29 செப்டம்பர் 1918. ஹோல்ஸ்டின் நண்பர் பால்ஃபர் கார்டினர், பிறந்தநாள் பட்சணம் மாதிரி, குயின்ஸ் ஹாலையும் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவையும் ஒரு காலைப்பொழுதுக்கு வாடகைக்கு எடுத்து அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். நடத்தியவர் இளைஞர் அட்ரியன் போல்ட். ஒத்திகைக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். எழுத்தர் பட்டாளம் விரல் வீங்க எழுதித் தள்ளியது. வியாழன் வாசித்தபோது, வராந்தாவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்கள் பிரஷை ஓரமாக வைத்துவிட்டு ஆடினார்களாம். இசை விமர்சனத்தில் இதைவிட நேர்மையான வரியை நான் படித்ததில்லை. நெப்டியூனுக்குப் பள்ளிப் பெண்கள் பாடினார்கள். கதவு சாத்தப்பட்டது. ஹோல்ஸ்ட் உலகப்புகழ் பெறப் புறப்பட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது கிரகத்தைப் பற்றி அல்ல, ஒரு கிறிஸ்துமஸ் கரோலைப் பற்றி. அதற்கு தாக்ஸ்டெட் போக வேண்டும்.

எஸெக்ஸ் மாவட்டத்து கிராமம். அங்கே ஹோல்ஸ்டுக்கு ஒரு வீடு. ஊருக்கு ஊசி மாதிரி கோபுரம் வைத்த பிரமாண்டமான தேவாலயம். அதில் 1910 முதல் பாதிரியார் கான்ராட் நோயல். இவரை நியமித்தவர் வார்விக் சீமாட்டி. ஒரு காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு மிகவும் வேண்டியவர், பிறகு சோஷலிஸ்ட். நோயலும் சோஷலிஸ்ட்தான், ஆனால் சீமாட்டி மாதிரி மாலை நேர சோஷலிஸ்ட் அல்ல. தேவாலயத்துக்குள் செங்கொடியைத் தொங்கவிட்டார். பக்கத்திலேயே அயர்லாந்து விடுதலைக்காரர்களான ஷின் ஃபெயினின் கொடி. 1921-ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் வந்து அவற்றைப் பிடுங்கி பிரிட்டிஷ் கொடியைக் கட்டினார்கள். பாதிரியார் தரப்பு பிரிட்டிஷ் கொடியைப் பிடுங்கியதோடு நிற்காமல், வந்தவர்களின் வண்டி டயர்களையும் கிழித்தது. கல்லூரிக் கதவை இடித்த அதே வருஷம்தான் இதுவும். கேம்பிரிட்ஜ் ஆண் பிள்ளைகளுக்கு 1921 ஓய்வே இல்லாத ஆண்டு. இன்னொரு வேடிக்கை, அதே 1921-ல் ஹோல்ஸ்ட் தன் வியாழன் மெட்டை ஒரு தேசபக்திப் பாட்டுக்குக் கொடுத்தார். இன்றும் பிரிட்டனில் ராணுவச் சடங்குகளில் கண்ணீர் மல்கப் பாடும் அந்த மெட்டுக்குப் பாட்டுப் புத்தகங்களில் பெயர் 'தாக்ஸ்டெட்'. செங்கொடி ஊரின் பெயரில் தேசபக்தி.

இந்த ஊரில் 1916 முதல் பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஹோல்ஸ்ட் ஒரு இசைவிழா நடத்தினார். பள்ளிப் பெண்கள் வந்தார்கள். அவர் மாலை வகுப்பு எடுத்த மார்லி கல்லூரியின் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் வந்தார்கள். உள்ளூர் ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு நாள் காலையிலிருந்து ராத்திரிவரை பாட்டு. தேவாலயத்தில், தெருவில், சாப்பிடும் இடத்தில், திரும்பிப் போகும் ரயிலில். நம்மூர் பஜனை மடத்துக்காரர்கள்கூட நடுவில் ஒரு காபிக்காக நிறுத்துவார்கள்.

இப்படிப் பாடுகிற கூட்டத்துக்கு நல்ல தீனி வேண்டுமே! 1916, 17 வாக்கில் ஹோல்ஸ்ட் ஒரு பழைய லத்தீன் பாட்டைக் கையில் எடுத்தார்: 'பெர்சொனெண்ட் ஹோடியே'. இந்தப் பாட்டின் பூர்வோத்தரம் கொஞ்சம் கேட்க வேண்டியது.

1582-ல் ஒரு பின்லாந்து மாணவன், பெயர் தியோடோரிகஸ் பெட்ரி, 'பியே கான்சியோனெஸ்' என்று எழுபத்து சொச்சம் லத்தீன் பாட்டுகளை ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் அச்சடித்தான். துர்க்கு நகரத்துத் தேவாலயப் பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாட்டுகள், நம் பாட்டும் அதில் ஒன்று. 'பக்திப் பாடல்கள்' என்று தலைப்பு. வசந்தகாலம், பள்ளிக்கூட வாழ்க்கை எல்லாம் உள்ளே வரும். ஒரு பிரதி எப்படியோ ஸ்வீடனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் கைக்குப் போய், 1853 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்து, நீல் என்ற பாதிரியாரிடம் சேர்ந்தது. நீல் செய்த முதல் காரியம், அதில் பூக்கள் மலர்வதைப் பற்றி இருந்த வசந்தகாலப் பாட்டின் மெட்டைப் பிடுங்கி, பனியில் நடந்து போகும் வென்செஸ்லாஸ் என்ற ராஜாவுக்கு மாட்டிவிட்டது. சித்திரை மாதத்து மெட்டு மார்கழிக்குப் போனது. இன்றுவரை கிறிஸ்துமஸ் கடைகளில் எல்லாம் அதுதான் ஒலிக்கிறது. வழக்குப் போட யாருமில்லை.

'பெர்சொனெண்ட் ஹோடியே'வும் பரிசுத்தமான ஆள் அல்ல. அதற்கு முன்னால் அதே சந்தத்தில் இன்னொரு பாட்டு இருந்தது. அது புனித நிக்கலஸ் மேல். ஆமாம், பிற்காலத்தில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு சான்டா கிளாஸ் ஆனவரே. தண்ணீரில் மூழ்கிய பையனை மீட்டது, வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களுக்குப் பண உதவி செய்தது என்று அவருடைய அற்புதங்களைச் சொன்ன பாட்டு. அதன் எலும்புக்கூட்டின் மேல் கிறிஸ்து பிறப்பைப் போர்த்தியிருக்கிறார்கள். சினிமாப் பாட்டு மெட்டில் ஐயப்பன் பாட்டு எழுதுகிற ஊர்க்காரர்களான நமக்கு இதில் அதிர்ச்சியடைய உரிமை இல்லை. தவிர அது பையன்கள் பாடுவதற்கென்றே செய்த பாட்டு. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு அசையைப் பிடித்து, பாகவதர் சங்கதி போடுகிற மாதிரி, விடாமல் இரண்டு மூன்று தடவை இழுக்கும். நரகத்தின் அதிபதி தன் கொள்ளைப் பொருளைத் தோற்றான் என்று சொல்லும் இடத்தில், தோற்றான் என்பதன் வாலையே பையன்கள் திரும்பத் திரும்ப ஆட்டுவார்கள். தெருமுனையில் தோற்ற டீமைப் பார்த்துக் கத்துகிற அதே தொனி.

ஹோல்ஸ்ட் இதை எடுத்து, கல் மேல் காலடி விழுவதுபோல் அடியில் கனத்த நடை கொடுத்து, ஒரே குரலாகப் பாடும் கூட்டத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அமைத்தார். சரி, லத்தீன்? யார் ஆங்கிலமாக்குவது? சபையில் எல்லாரும் திரும்பி டபுள் பாஸ் மூலையைப் பார்த்தார்கள்.

இந்தக் காட்சியை ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். மெட்டு, பின்லாந்துக்காரன் அச்சடித்தது. அமைத்தவர், காளிதாசனில் ஊறிய ஜோசியர். பின்னணியில் செங்கொடிப் பாதிரியார். இயேசு பிறந்த கதையை ஆங்கிலத்தில் சொல்லப்போகிறவள், கேம்பிரிட்ஜ் பட்டம் தராத யூதப் பெண். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இதில் யாருக்குமே நேரடித் தகுதி இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: குடும்பப் பெயர் ஜோசப். அந்த மாட்டுக்கொட்டகையில் அன்றைக்கு ஒரு ஜோசப் இருந்தார். யூதர்தான். கழுதையைக் கட்டியவர், சத்திரக்காரனிடம் கெஞ்சியவர், விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர். நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள், சூசையப்பர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது.  ஆக ஜேன், குலத்தொழிலைத்தான் செய்தாள்.

மொழிபெயர்ப்பு எப்படி? சட்டையைத் தைத்துவிட்டு உடம்பைத் தேடுவதுபோன்ற வேலை அது. மெட்டு முன்பே இருக்கிறது, குட்டிக் குட்டி அடிகள், அடிக்கு அடி இயைபு வேண்டும், பாடுவது குழந்தைகள். ஜேன் சின்ன, ஓரசைச் சொற்களாகப் பொறுக்கிப் போட்டாள், எட்டு வயசுப் பிள்ளையின் வாயில் கூழாங்கல் மாதிரி உருளும்படி. நரகாதிபதியை வைத்துக் கேலி பண்ணும் அந்த வால் ஆட்டலை விட்டுவிட்டு, அதற்குப் பதில் ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் ஒரு துண்டு லத்தீனை அப்படியே வைத்தாள். ஆங்கிலப் பாட்டு, லத்தீன் பல்லவி. நம் ஊரில் இதை மணிப்பிரவாளம் என்போம்.

இதற்கப்புறம் வாத்தியாரின் மொழி இலாகா முழுசாக ஜேனிடம் வந்துவிட்டது என்றே சொல்லலாம். 1917-ல் 'இயேசுவின் கீதம்' எழுத ஹோல்ஸ்டுக்கு ஆசை வந்தது. மூலம் 'யோவான் நடபடிகள்' என்ற, பைபிளுக்குள் நுழைய அனுமதி கிடைக்காத நூல். அதில் இயேசு சீடர்களோடு கைகோத்து ஆடிப் பாடுகிறார். 787-ல் நீசேயாவில் கூடிய சபை அந்த நூலைக் கண்டித்துத் தள்ளியது. மூலம் கிரேக்கம். ஹோல்ஸ்ட் சமஸ்கிருதத்தைத் தாக்கிய அதே அகராதி யுத்தத்தைக் கிரேக்கத்திலும் தொடங்க, சேனாதிபதி ஜேன். அவளோடு கிளிஃபோர்ட் பேக்ஸும். 1920-ல் அரங்கேறியபோது லண்டன் அதிர்ந்தது. பாராட்டு மழையில் யார் நனைந்தார்கள் என்று கேட்கவேண்டாம்.

1921 பெந்தெகொஸ்தே விழாவுக்கு பர்செல்லின் 'டயோக்ளீஷியன்' இசைநாடகத்தின் மாஸ்க் பகுதியை ஹாமர்ஸ்மித்தில் பூட் ஹவுஸ் தோட்டத்தில் நடத்தினார்கள். பிறகு ஹைட் பார்க்கிலும் நடத்தினார்கள். பாடகர்கள், ஆடுபவர்கள், வாத்தியக்காரர்கள், சாமான் தூக்குபவர்கள் என்று ஒரு திருவிழாக் கூட்டம். திறந்தவெளி. இங்கிலாந்து வானம். இங்கிலாந்தில் திறந்தவெளி நாடகம் என்பது ஐப்பசியில் வடாம் பிழிவதற்குச் சமம். கல்யாண வீட்டில் சம்பந்திக்கு வெந்நீர் வைப்பதிலிருந்து பந்திக்கு இலை எண்ணுவதுவரை பார்க்கும் ஒரு அத்தை இருப்பாளே, அவள்தான் இங்கே ஜேன். போட்டோவில் மட்டும் இருக்க மாட்டாள்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1926. ஹோல்ஸ்ட் ஒரு பாட்டு-நடன நாடகம் எழுதினார், கதை வசனம் ஜேன்: கிரிம் சகோதரர்களின் 'தங்க வாத்து'. கதை தெரியுமில்லையா? ஒரு பையனிடம் தங்க வாத்து. ஒரு இறகாவது பிடுங்கலாமே என்று சத்திரக்காரன் மகள் தொடுகிறாள், ஒட்டிக்கொள்கிறாள். அவளை இழுக்க வந்த தங்கை ஒட்டிக்கொள்கிறாள். பிறகு பாதிரியார், கோயில்பிள்ளை, மண்வெட்டியோடு போன விவசாயி எல்லாரும் வரிசையாக ஒட்டிக்கொண்டு ஊர் ஊராக இழுபடுகிறார்கள். சிரிக்கவே தெரியாத ராஜகுமாரி இந்த ஊர்வலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வேலி லாஸ்கர், நோரா டே, பள்ளிப் பெண்கள், மார்லி கல்லூரித் தையற்காரர்கள், இடையில் ஒரு நிஜப் பாதிரியார் என்று பத்து வருஷமாக ஒரே வாத்தின் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தவள்தான் இதை எழுதினாள். பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை, அதே பூட் ஹவுஸ் தோட்டத்தில், அந்த வரிசையே மேடையேறி அந்த வரிசையை நடித்தது. வாத்துக்கு விஷயம் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஜேனை வெறும் எடுபிடி என்று எழுதினால் அந்தப் பெண்ணின் ஆவி டபுள் பாஸ் வில்லோடு வந்து நிற்கும். சொந்தமாக எழுதினாள். 'எ ஃபெஸ்டிவல் வெனைட்டி' என்ற பெரிய கோரஸ் படைப்பை 1923-ல் பாக் கோயர் என்ற பாடகர் குழு பாடியது. நடத்தியவர் வாகன் வில்லியம்ஸ், அன்றைய இங்கிலாந்து இசையின் பெரிய தலை. பெந்தெகொஸ்தேவுக்கு ஒரு கீதம். இடைக்கால ஆங்கில வரிகளுக்கு மெட்டமைத்த ஒரு கரோல். அந்த ரகத்தில் அதற்கு ஈடில்லை என்பது வாத்தியார் தீர்ப்பு. மோரிஸ் நடனத்துக்கு ஒரு ஆர்கெஸ்ட்ராத் துண்டு, 'பெர்கமாஸ்க்' என்று இன்னொன்று. பெண் இசைக்கலைஞர் சங்கத்தில் பொறுப்பு, கென்சிங்டனில் இசைப்போட்டி விழா, ஒரு பாடகர் குழு, கேட்டர்ஹாமில் ஈயோதன் என்ற சின்னப் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை. ஆனால் எழுதியதில் பெரும்பகுதி அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதிகளும் தொலைந்தன. ஊரார் நோட்டையெல்லாம் பிரதி எடுத்தவளின் சொந்த நோட்டுக்குப் பிரதி எடுக்க யாரும் வரவில்லை. இந்த இடத்தில் ஒரு ஜோக் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

9 மார்ச் 1929-ல் சிறுநீரகம் பழுதாகி இறந்தபோது வயது முப்பத்து நான்கு. ஹோல்ஸ்ட் அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார்.

ஈயோதன் பள்ளியில் ஜேனிடம் படித்த ஒரு சிறுமியின் பெயர் இமோஜன். வாத்தியாரின் ஒரே மகள். அவளும் இசையமைத்தாள். 1950 வாக்கில் சாந்திநிகேதன் வந்து தங்கி நம் சங்கீதத்தையும் காதில் வாங்கிக்கொண்டு போனாள். 1952-ல் பெஞ்சமின் பிரிட்டன் என்ற அடுத்த மேதைக்குக் கை ஓயாமல் நோட்டு எழுதித் தரும் உதவியாளராகச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் எழுதினாள். 

சரி, அந்த வக்கீல் விஷயம்.

ஜேனின் கரோல் இன்னும் உயிரோடு இருக்கிறது. டிசம்பர் வந்தால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிகளில், தேவாலயங்களில் பாடுகிறார்கள். தாளில் மெட்டின் பெயர் 'தியோடோரிக்', அச்சடித்த மாணவனின் கௌரவத்துக்காக. அமைப்பு ஹோல்ஸ்ட், கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், கண்ணாடி போட்டால் தெரியும் அளவில், மொழிபெயர்ப்பு ஜேன் எம். ஜோசப். ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் அந்த லத்தீன் துண்டு. அதன் முதல் சொல் மூன்று தடவை, மெட்டு மேலே ஏற ஏற, வரும்: 'இதேயோ'. பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. அதுவரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைப் பையன்களும் அங்கே வந்ததும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். ஏதோ தேவதூதர்களின் பெயர் என்று நினைப்பார்களாக இருக்கும்.

'இதேயோ' என்றால் லத்தீனில் 'ஆகையால்'. வக்கீல் நோட்டீஸில் கடைசிப் பத்தி தொடங்குமே, அந்த ஆகையால்.

ஆகையால்! ஆகையால்! ஆகையால்!